பயிரும் பருவமும்: ஆவிக்குரிய வளர்ச்சியைப் புரிந்துகொள்ள ஓர் அறிமுகம்

கிறிஸ்தவ விசுவாசத்துக்குள் புதிதாக வந்தவர்களும், சிறுவயது முதல் ஆலயத்துக்குப் போய்வந்தாலும் இப்போதுதான் விசுவாசத்தைத் தமக்கென்று எண்ணிப் பார்ப்பவர்களும் அடிக்கடி கேட்கும் சொற்றொடர் ‘ஆவிக்குரிய வளர்ச்சி’. பிரசங்கங்களிலும் ஜெபங்களிலும் தாராளமாகப் புழங்கும் இச்சொற்றொடரைப் பெரும்பாலும் யாரும் நின்று விளக்குவதில்லை. ஆகவே கேட்பவர் தமக்குப் பழக்கமான அளவுகோல்களைக் கொண்டு அதை அளந்துகொள்கிறார். வேத அறிவு பெருகுவதும், ஜெபிக்கும் நேரம் நீள்வதும், சபையில் பொறுப்புகள் கூடுவதும் வளர்ச்சி என்று தோன்றிவிடுகிறது. இவை வளர்ச்சிக்கு உதவக்கூடியவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் இவை அனைத்தும் நிறைந்திருந்தும் கடுகடுப்பும் பெருமையும் சற்றும் குறையாத மனிதர்களை எல்லாச் சபைகளும் அறியும்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஒருவர் கிறிஸ்துவை விசுவாசித்துத் தேவனோடு ஒப்புரவாவது கிருபையினால் அருளப்படுகிற தொடக்கம். அவ்வாறு ஏற்றுக்கொள்ளப்பட்டவருடைய எண்ணங்களும் விருப்பங்களும் பழக்கங்களும் நாளடைவில் கிறிஸ்துவின் சாயலுக்கு ஒப்பாக மாறிவருவது அந்தத் தொடக்கத்திலிருந்து எழுகிற தொடர்ச்சி. இவ்விரண்டையும் விவரிக்கும் விதத்தில் சபைப் பிரிவுகள் தம்முள் வேறுபடுகின்றன என்றாலும், வளர்ச்சி என்று சொல்லும்போது எல்லாரும் மனத்தில் கொள்வது பின்னதையே. பவுல் கலாத்தியருக்கு எழுதும்போது, கிறிஸ்து அவர்களிடத்தில் உருவாகும்வரை தாம் கர்ப்பவேதனைப்படுவதாகச் சொல்கிறார். கிறிஸ்து ஒரு மனிதருக்குள் உருவாவதே வளர்ச்சி என்று இப்போதைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

அந்த உருவாக்கம் எப்படி நடக்கிறது என்று கேட்டால், வேதாகமம் நம்மை வயலுக்கு அழைத்துப்போகிறது.

இதற்கு வலுவான காரணம் உண்டு. வேதாகமத்தை முதலில் கேட்ட மக்களின் நாட்காட்டியே விவசாயத்தால் ஆனது. 1908ஆம் ஆண்டில் கேசேர் என்ற பழைய நகரத்தின் அகழாய்வில், கிறிஸ்துவுக்கு முன் பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஒரு சிறிய சுண்ணாம்புக்கல் பலகை கிடைத்தது. அதில் ஆண்டின் மாதங்கள் விதைப்பு, பின்விதைப்பு, சணல் அறுப்பு, வாற்கோதுமை அறுப்பு, திராட்சைக் கொடிகளைப் பேணுதல், கோடைக்கனிகளைச் சேர்த்தல் என்று வேலைகளின் பெயராலேயே வரிசைப்படுத்தப்பட்டிருக்கின்றன. நாள் என்றாலே வேலை, வேலை என்றாலே பருவம் என்று வாழ்ந்தவர்களுக்கு ‘விதை’ என்றும் ‘அறுப்பு’ என்றும் சொன்னவுடன் முழு ஆண்டும் கண்முன் நின்றிருக்கும்.

இன்னொரு காரணம் அதைவிட ஆழமானது. உபாகமம் 11ஆம் அதிகாரம், இஸ்ரவேலர் விட்டுவந்த எகிப்தையும் அவர்கள் குடியேறவிருந்த கானானையும் ஒப்பிடுகிறது. எகிப்தில் விதை விதைத்தபின் ஒரு கீரைத்தோட்டத்துக்குப் பாய்ச்சுவதுபோலக் காலால் நீர் பாய்ச்சினார்கள். ஆற்றுநீர் இருக்கும்வரை உழைப்பே போதுமானது. மலைகளும் பள்ளத்தாக்குகளுமான கானானோ வானத்தின் மழைத்தண்ணீரைக் குடிக்கிற தேசம். அங்கே ஒருவன் எவ்வளவு உழைத்தாலும், அக்டோபர், நவம்பர் வாக்கில் தொடங்கும் முன்மாரியும் மார்ச், ஏப்ரலில் முடியும் பின்மாரியும் இல்லாவிட்டால் களத்துமேட்டில் தூற்றுவதற்கு ஒன்றும் இராது. உழைப்பும் சார்ந்திருத்தலும் ஒன்றாகவே நிற்கிற இந்த நிலை, ஆவிக்குரிய வாழ்க்கைக்கு மிகப் பொருத்தமான பள்ளிக்கூடமாக அமைந்தது.

விளையச்செய்கிறவர் யார்?

மாற்கு 4ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன சிறிய உவமை ஒன்று இருக்கிறது. விதைக்கிறவன் உவமைக்கு அருகிலேயே இருப்பதால் பலர் அதைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். ஒரு மனிதன் நிலத்தில் விதையை விதைக்கிறான். இரவில் தூங்கி, பகலில் விழித்திருக்கிறான். அவனுக்குத் தெரியாத விதமாய் விதை முளைத்துப் பயிராகிறது. நிலம் முதலில் முளையையும், பின்பு கதிரையும், அதன்பின் கதிரில் நிறைந்த தானியத்தையும் தானாகவே தருகிறது. விளைந்தவுடன் அவன் அரிவாளை நீட்டுகிறான். அவன் செய்தவை விதைத்ததும் அறுத்ததுமே. இடையில் நடந்ததை அவனால் விளக்கக்கூட முடியவில்லை.

கொரிந்து சபையாருக்குப் பவுல் எழுதிய முதலாம் நிருபமும் இதையே வேறொரு சூழலில் சொல்கிறது. தாங்கள் பவுலைச் சேர்ந்தவர்கள், அப்பொல்லோவைச் சேர்ந்தவர்கள் என்று அந்தச் சபையார் கட்சி கட்டியபோது, அவர் தந்த மறுமொழி இது: “நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார்.” நடுவதும் பாய்ச்சுவதும் உண்மையான வேலைகள், அவற்றுக்குக் கூலி உண்டு என்றும் அவர் தொடர்ந்து சொல்கிறார். விளைச்சல் மட்டும் வேலைக்காரர்களுடைய கணக்கில் வருவதில்லை.

இதைப் பிடித்துக்கொண்டால், தொடக்கநிலையில் இருப்பவர்கள் விழுகிற இரண்டு பள்ளங்களும் தெரிந்துவிடும். ஒன்று, வளர்ச்சியைத் தானே உண்டாக்க வேண்டும் என்ற பதற்றம். நட்ட விதை முளைத்ததா என்று தினமும் தோண்டிப் பார்ப்பவனிடம் பயிர் எப்படித் தங்கும்? மற்றொன்று, எல்லாம் தேவன் பார்த்துக்கொள்வார் என்று ஏரையும் மண்வெட்டியையும் கீழே போட்டுவிடுகிற சோம்பல். முன்னது கிருபையை மறக்கிறது. பின்னது கிருபையைச் சாக்காக்குகிறது. விளைச்சல் நம் கையில் இல்லை, வேலை நம் கையில் இருக்கிறது என்பதே வேதாகமத்தின் நிலைப்பாடு. அந்த வேலையும் எல்லாப் பருவத்திலும் ஒன்றாக இருப்பதில்லை; ஆவிக்குரிய வளர்ச்சி பற்றிய அறிவுரைகள் பலருக்குப் பயன்படாமல் போவதற்கு, ஒரு பருவத்தின் வேலையை எல்லாப் பருவத்துக்கும் விதியாக்கிவிடுவதே முக்கியமான காரணம் என்று நான் கருதுகிறேன்.

நிலமும் ஏரும்

விதைக்கிறவன் உவமையில் விதை ஒன்றே, நிலம் நான்கு. வயலின் ஊடே ஆட்கள் நடந்து நடந்து இறுகிய வழியில் விழுந்த விதையைப் பறவைகள் பொறுக்குகின்றன. அடியில் பாறையும் மேலே மெல்லிய மண்ணுமான இடத்தில் விழுந்தது, மண் ஆழமில்லாததாலேயே சீக்கிரம் முளைத்து, வேரில்லாததால் வெயிலில் கருகுகிறது. முள்ளுள்ள இடத்தில் விழுந்தது வளர்கிறது, ஆனால் நெருக்கப்பட்டுப் பலன் கொடுப்பதில்லை. நல்ல நிலத்தில் விழுந்தது முப்பதும் அறுபதும் நூறுமாகப் பலன் தருகிறது.

கற்பாறை நிலத்தைப் பற்றி ஒரு சொல். முதலில் முளைப்பது அதுதான் என்பதை இயேசு வேண்டுமென்றே குறிப்பிடுகிறார். வேகமும் உற்சாகமும் வளர்ச்சியின் அடையாளமென்று நினைக்கிறவர்களுக்கு இது கசப்பான செய்தி. வேர் கண்ணுக்குத் தெரியாது, வெயில் வரும்வரை வேர் இல்லாததும் தெரியாது. ‘அகல உழுவதினும் ஆழ உழு’ என்ற நம் பழமொழி இங்கே அப்படியே பொருந்துகிறது.

முள் நிலம் இன்னும் கவனத்துக்குரியது. முள் செழிக்கிற மண் வளமில்லாத மண்ணாக இருக்க முடியாது. அது எதையும் வளர்க்கும், அதுதான் சிக்கல். உலகக் கவலைகள், ஐசுவரியத்தின் மயக்கம், மற்றவற்றைப் பற்றிய ஆசைகள் என்று இயேசு முட்களுக்குப் பெயர் தருகிறார். இவற்றில் எதுவும் அப்பட்டமான தீமையாகத் தோற்றமளிப்பதில்லை. பிள்ளைகளின் எதிர்காலம், கடன், உடல்நலம், பதவி உயர்வு என்று நியாயமான வேர்களிலிருந்தே இவை கிளம்புகின்றன. நெடுநாள் விசுவாசிகளுக்கு நான்கு நிலங்களில் மிக நெருக்கமானது இதுதான். அவர்கள் விசுவாசத்தை விட்டு விலகுவதில்லை, பலனில்லாமல் பச்சையாகவே நின்றுவிடுகிறார்கள்.

நிலம் மாறுமா என்ற கேள்விக்கு அந்த உவமை பதில் தருவதில்லை. தீர்க்கதரிசிகள் தருகிறார்கள். “உங்கள் தரிசுநிலத்தைப் பண்படுத்துங்கள்” என்று ஓசியாவும் எரேமியாவும் கட்டளையிடுகிறார்கள். முள்ளுகளுக்குள்ளே விதைக்க வேண்டாம் என்று எரேமியா சேர்த்துக்கொள்கிறார். தரிசு என்பது விளைச்சலுக்கு உரிய நிலம், ஆனால் உழப்படாமல் கிடப்பது. ஆகவே மனத்தின் இறுக்கம் ஒருவருடைய விதி ஆகாது. கிறிஸ்தவ வழக்கில் இந்த உழவுக்கு மனந்திரும்புதல் என்று பெயர். ‘நான் பாவி’ என்று பொதுவாகச் சொல்வது மண்ணின் மேற்பரப்பைக் கீறுவதோடு நின்றுவிடும். இன்னாரிடம் இன்ன பொய்யைச் சொன்னேன், இன்னாரை மன்னிக்க மறுத்து வருகிறேன் என்று குறிப்பாக ஒப்புக்கொண்டு, முடிந்தால் சரிசெய்வதே கொழு இறங்குகிற உழவு.

ஆனால் உழவிலும் ஓர் அளவு உண்டு. ஏசாயா 28ஆம் அதிகாரத்தின் இறுதிப்பகுதி, வேதாகமத்தில் உழவைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் மிக நுட்பமானது. புதியவர்கள் அதைத் தேடிப் படிக்க வேண்டும். விதைக்க வேண்டியவன் நாள்தோறும் உழுதுகொண்டேயிருப்பானா என்று தீர்க்கதரிசி கேட்கிறார். மண்ணை நிரவியபின் அவன் அததற்கேற்ற இடத்தில் சீரகத்தைத் தூவுகிறான், கோதுமையை விதைக்கிறான். அறுப்புக்குப் பின்னும் எல்லாத் தானியத்தையும் ஒரே விதமாக அவன் போரடிப்பதில்லை. சீரகத்தின்மேல் வண்டிச் சக்கரத்தை ஓட்டினால் அது நொறுங்கிவிடும் என்பதால் அதைக் கோலால் தட்டுகிறான். இந்த விவேகத்தை அவனுக்குக் கற்றுத்தந்தவர் அவனுடைய தேவனே என்கிறது அந்தப் பகுதி. ஓயாமல் தம்மையே குற்றஞ்சாட்டிக்கொண்டிருப்பவர் உழுகிறார், உழுகிறார், விதைப்பதேயில்லை. அதுபோலவே, ஒருவருக்குப் பலன் தந்த கடுமையான ஒழுங்கைச் சீரகம் போன்ற மென்மையான மற்றொருவர்மேல் ஏற்றுவது பக்தியின் பெயரால் நடக்கும் சேதம்.

விதையும் நீரும்

உவமையில் விதை தேவனுடைய வசனம். ஆகையால் வேதவாசிப்பு கிறிஸ்தவ வளர்ச்சியில் ஒரு விருப்பத் தேர்வாக இல்லை; விதைக்காத நிலத்தில் அறுப்பை எதிர்பார்க்க முடியாது. எனினும் எத்தனை அதிகாரங்கள் படித்தோம் என்ற கணக்கைவிட, படித்தது மண்ணுக்குள் இறங்கியதா என்பதே பெரிது. முதலாம் சங்கீதம், கர்த்தருடைய வேதத்தை இரவும் பகலும் தியானிக்கிறவனை நீர்க்கால்களின் ஓரமாய் நடப்பட்ட மரத்துக்கு ஒப்பிட்டு, அது தன் காலத்தில் தன் கனியைத் தரும் என்கிறது. எல்லாக் காலத்திலும் தரும் என்று சொல்லவில்லை. புதியவர் ஒருவருக்கு, ஒரு நற்செய்தி நூலைத் தேர்ந்து, ஒரு நாளைக்கு ஒரு பத்தி என்று படித்து, அதில் ஒரு வாக்கியத்தை அன்று முழுவதும் மனத்தில் வைத்திருப்பது நல்ல தொடக்கமாகும்.

ஜெபத்தை நீர்ப்பாசனமாக விளக்கியவர்களில் பதினாறாம் நூற்றாண்டு ஸ்பெயினில் வாழ்ந்த கர்மேல் சபைத் துறவி அவிலாவின் தெரேசா தனித்து நிற்கிறார். ஒரு தோட்டத்துக்கு நீர் கொண்டுவர நான்கு வழிகள் உண்டு என்றார் அவர். கிணற்றிலிருந்து கையால் இறைப்பது முதலாவது. நீர்ச்சக்கரத்தைக் கொண்டு இறைப்பது இரண்டாவது. ஆறோ ஓடையோ வந்து பாய்வது மூன்றாவது. மழை பெய்வது நான்காவது. வழி மாற மாறத் தோட்டக்காரரின் உழைப்பு குறைந்து நீர் பெருகுகிறது. ஜெபிக்கத் தொடங்குகிறவர் முதல் நிலையில் இருக்கிறார். கை வலிக்கும், சில நேரங்களில் கிணறே வறண்டிருக்கும். ஜெபம் கடினமாக இருப்பது தோல்வியின் அறிகுறி என்று எண்ணுகிறவர்களுக்கு இந்த விளக்கம் பெரிய ஆறுதல், ஏனென்றால் அந்தக் கடினம் தொடக்கத்துக்கே உரியது.

களையும் கத்தரிப்பும்

களையெடுப்பைப் பற்றிப் பேசும்போது பலரும் கோதுமையும் களைகளும் என்ற உவமையை மேற்கோள் காட்டித் தம் இருதயத்துக் களைகளைப் பற்றிப் பேசுவார்கள். சற்று நிதானம் தேவை. மத்தேயு 13இல் இயேசுவே அந்த உவமைக்கு விளக்கம் தந்து, நிலம் உலகம் என்று சொல்லிவிட்டார். அங்கே களைகளைப் பிடுங்கலாமா என்று வேலைக்காரர்கள் கேட்க, எஜமான் வேண்டாம் என்கிறார். கோதுமை விளையும் பகுதிகளில் காணப்படும் அந்த நச்சுப்புல் கதிர் வரும்வரை கோதுமையைப் போலவே தோன்றும், பிடுங்கினால் கோதுமையும் சேர்ந்து வந்துவிடும். பிறரை நியாயந்தீர்ப்பதில் பொறுமை காட்டச் சொல்கிற உவமை அது. தம் சொந்த வாழ்க்கையில் பயிரை நெருக்குகிற முட்களைப் பொறுத்துக்கொள்ள அது அனுமதிச் சீட்டு தருவதில்லை. நடைமுறையில் நாம் இவ்விரண்டையும் தலைகீழாகச் செய்கிறோம்: அடுத்தவர் வயலில் களை பிடுங்க ஓடுகிறோம், நம் வயலில் அறுப்புக்காலம் வரை பொறுத்திருக்கிறோம்.

யோவான் 15ஆம் அதிகாரம் கத்தரிப்பைப் பேசுகிறது. கிறிஸ்து மெய்யான திராட்சச்செடி, பிதா தோட்டக்காரர், சீஷர்கள் கொடிகள். திராட்சையின் இயல்பை அறிந்தவர்களுக்கு இந்த அதிகாரம் உடனே விளங்கும். அந்தந்தப் பருவத்தில் துளிர்க்கும் புதிய தளிர்களில்தான் குலை தொங்கும். வெட்டாமல் விட்டால் செடி தன் சத்தைத் தண்டிலும் இலையிலும் செலவழித்துவிடும். கத்தரிக்கப்படுவது கனி கொடுக்கிற கொடியே என்பதைக் கவனிக்க வேண்டும். அது அதிகக் கனி கொடுக்கும்பொருட்டு அப்படிச் செய்யப்படுகிறது. நல்ல ஊழியம், பிரியமான பழக்கம், பெயர் வாங்கித் தந்த திறமை ஆகியவையும்கூட வெட்டப்பட வேண்டிய கிளைகளாக ஒருநாள் ஆகக்கூடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். துயரத்தில் இருப்பவரிடம் போய், ‘தேவன் உங்களைக் கத்தரிக்கிறார்’ என்று சொல்லும் பழக்கம் சபைகளில் உண்டு. கத்தரிக்கோல் தோட்டக்காரர் கையில் இருக்கிறது; எந்த வெட்டு எதற்கு என்று விளக்கும் பொறுப்பு பக்கத்துக் கொடிக்குத் தரப்படவில்லை. பெருந்துன்பத்தில் இருந்த யோபுவிடம் அதன் காரணத்தை விளக்க முயன்ற அவருடைய நண்பர்கள் செய்த பிழை இதுதான், கடைசியில் அவர்களைத் தேவனே கடிந்துகொண்டார். கொடிக்குச் சொல்லப்பட்ட கட்டளை ஒன்றே ஒன்று: செடியில் நிலைத்திருப்பது. “என்னையல்லாமல் உங்களால் ஒன்றும் செய்யக்கூடாது” என்ற வார்த்தை மிரட்டலாக ஒலித்தாலும், கொடியின் தோள்மேலிருந்து எத்தனை பெரிய சுமையை அது இறக்கிவைக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம்.

காத்திருக்கும் பருவம்

பயிரிடுகிறவன் முன்மாரியும் பின்மாரியும் வரும்வரை பூமியின் நற்பலனுக்காக நீடிய பொறுமையோடு காத்திருக்கிறான் என்று யாக்கோபு எழுதுகிறார். இரண்டு மழைகளுக்கும் இடையே பல மாதங்கள் இருக்கின்றன. லேவியராகமம் 19இன்படி, புதிதாக நட்ட மரத்தின் கனியை முதல் மூன்று ஆண்டுகள் உண்ணக்கூடாது. நான்காம் ஆண்டின் கனி கர்த்தருக்குப் பரிசுத்தமானது. ஐந்தாம் ஆண்டில்தான் வீட்டார் உண்ணலாம். கனியில்லாத அத்திமரத்தைப் பற்றிய உவமையில் மூன்று ஆண்டுகள் ஏமாந்த சொந்தக்காரரிடம் தோட்டக்காரன் இன்னும் ஓராண்டு கேட்கிறான். அந்த ஓராண்டில் சும்மா பார்த்துக்கொண்டிருக்காமல், சுற்றிலும் கொத்தி எருப்போடுவதாகச் சொல்கிறான். பொறுமைக்கும் கையில் மண்வெட்டி உண்டு. விசுவாசிக்கு வறண்ட மாதங்கள் வரும்போது, உணர்ச்சி எழாவிட்டாலும் வேதத்தையும் ஜெபத்தையும் சபைக் கூடுகையையும் திருவிருந்தையும் விடாமல் தொடர்வது அந்த எருப்போடுதலுக்குச் சமமானது.

ஏழாம் ஆண்டில் நிலம் விதைக்கப்படாமல் ஓய்ந்திருக்க வேண்டும் என்ற லேவியராகமம் 25இன் சட்டத்தையும் மறந்துவிடக்கூடாது. ஓய்வும் சாகுபடியின் பகுதியே. எப்போதும் எதையாவது செய்துகொண்டிருக்கும் ஊழியர்கள் இதைக் கேட்க விரும்புவதில்லை.

கனி

கலாத்தியர் 5இல் ஆவியின் கனியாகச் சொல்லப்படுபவை அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடியபொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம் ஆகியவை. இவற்றில் பெரும்பாலானவை தனியறையில் இருக்கும்போது சோதிக்கப்படுவதே இல்லை. எரிச்சலூட்டும் ஒரு மனிதர் எதிரில் வந்தால்தான் நீடியபொறுமை இருக்கிறதா என்று தெரியும். பவுல் ‘நீங்கள் தேவனுடைய பண்ணை’ என்று ஒரு சபை முழுவதையும் பார்த்து எழுதியதும் இங்கே நினைக்கத்தக்கது. சபையை விட்டு ஒதுங்கி வளர்ந்துவிடலாம் என்று நினைப்பவர்கள், கனி வெளிப்படும் இடத்தையே விட்டு ஒதுங்குகிறார்கள்.

நூறுமடங்குப் பலன் என்ற சொல்லைப் பணத்தோடு கட்டிப்போடும் போதனையும் நடமாடுகிறது. காணிக்கையை விதையாகப் போட்டால் பல மடங்கு பணமாகத் திரும்பும் என்பது அதன் சாரம். விதைக்கிறவன் உவமையில் விதை வசனம், பணம் இல்லை. “மனுஷன் எதை விதைக்கிறானோ அதையே அறுப்பான்” என்ற வசனம் மாம்சத்துக்கு விதைப்பதையும் ஆவிக்கு விதைப்பதையும் பற்றியது. அதைத் தொடர்ந்து வருவது, நன்மை செய்வதில் சோர்ந்துபோகாமல் இருந்தால் ஏற்ற காலத்தில் அறுப்போம் என்ற ஊக்கம். விளைந்தது யாருக்கு என்ற கேள்விக்கும் மோசேயின் சட்டம் பதில் வைத்திருக்கிறது: வயலின் ஓரத்தை முழுவதும் அறுக்காமல், சிந்திய கதிர்களைப் பொறுக்காமல், எளியவனுக்கும் அந்நியனுக்கும் விட்டுவிட வேண்டும். மோவாபியப் பெண்ணான ரூத் போவாஸின் வயலில் பிழைத்தது அந்தக் கதிர்களால்தான்.

முப்பதும் அறுபதும் நூறும் ஒரே நல்ல நிலத்தின் பலன்கள் என்பதால், பக்கத்து வயலோடு ஒப்பிடுவதில் பயனில்லை. தம் நிலத்தைத் தாமே தினமும் அளப்பதிலும் அதிகப் பயனில்லை. ஓராண்டுக்கு ஒருமுறை, தம்மோடு ஒரே வீட்டில் வாழ்பவரிடமோ, சேர்ந்து வேலை செய்பவரிடமோ, ‘சென்ற ஆண்டைவிட என்னோடு பழகுவது எளிதாக இருக்கிறதா?’ என்று கேட்டு, கிடைக்கும் பதிலை மறுத்துப் பேசாமல் வாங்கிக்கொள்வது போதும். உழ வேண்டுமா, களையெடுக்க வேண்டுமா, காத்திருக்க வேண்டுமா என்று அடுத்த பருவத்தின் வேலையை அந்தப் பதிலிலிருந்தே முடிவு செய்துகொள்ளலாம்.